தலை திருப்பாத பெரியதனம்

நாங்க இல்லாமப் போன கதையை நாங்களேதான் சொல்லணும். இருக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. ஊத்துப்பாறைக்காரங்க வாயைத் திறக்கிறது ரெண்டே விஷயத்துக்குத்தான், ஒண்ணு பந்தியில, இன்னொண்ணு ஊர்த்தலைவரு, அதான் எங்க பெரியதனம், என்ன சொன்னாலும் ஆமா போட. எம் பேரு ராசக்கனி. ஊருக்கு மேக்குக் கடைசியில மாவு மில்லு வச்சிருக்கேன். வச்சிருக்கேன்னுதான் சொல்லுவேன், வச்சிருந்தேன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா இன்னைக்கும் மில்லு ஓடுது, நான்தான் பெல்ட்டு மாத்துறேன், நான்தான் கல்லு கொத்துறேன், மொளகா அரைக்கிற அன்னைக்கி எனக்குத்தான் தும்மல் வருது. இல்லாதவளுக்குத் தும்மல் வருமா, நீங்களே சொல்லுங்க.

எங்க ஊருல முகம் பார்ப்புன்னு ஒரு வழக்கம் உண்டு. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுற அன்னைக்கிச் சாயங்காலம், காளியம்மன் கோயிலுக்கு முன்னால கிடக்கிற கல்லுல பெரியதனம் வடக்கே பாத்து உக்காருவாரு, அவருக்கு முன்னால வீட்டுக்கு ஒரு ஆளு, தெரு வரிசைப்படி, மேக்கே இருந்து கிழக்கே வரைக்கும் அரைவட்டமா நிக்கணும், அவரு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பாம ஒரே ஒரு பார்வை பாக்கணும். தலையைத் திருப்பினா யாருக்கோ சலுகை காட்டுறாருன்னு அர்த்தமாம். பார்வையில பட்டவன் தலைக்கட்டு. அவனுக்குச் சந்தனம் உண்டு, பொங்கச்சோறு உண்டு, அந்த வருஷம் பூரா அவன் ஊருல இருக்கான்னு அர்த்தம். இதுக்கு எழுத்து கிடையாது, கணக்கப்பிள்ளை கிடையாது, எல்லாம் கண்ணுதான். அவனவன் நிக்கிற இடமும் தாத்தன் காலத்துல இருந்து வர்றது, அந்த இடத்துல நின்னு பாக்கப்பட்டாத்தான் செல்லும், இடம் மாறி நின்னா செல்லாது.

பெரியதனம் சீனிச்சாமிக்கு அப்ப எழுபதுக்குப் பக்கத்துல வயசு. அவங்க அப்பாவும் பெரியதனம்தான், கடைசிக் காலத்துல கண்ணு தெரியாம செவரைத் தடவித் தடவி நடந்து செத்தவரு. அதை ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? ஊரைப் பாத்துப் பாத்துத் தேஞ்சு போன கண்ணுன்னு சொல்லுச்சு. அடேயப்பா, இவுக ஊரைப் பாத்துக் கண்ணு தேயுறதுக்கு ஊருல அப்படி என்ன இருக்கு, நாலு தெருவும் ஒரு சாக்கடையும்தானே இருக்கு.

அந்த வருஷ முகம் பார்ப்புல மேக்குக் கடைசியில நான் நின்னேன், கிழக்குக் கடைசியில சைக்கிள் கடைச் சித்திரவேலு நின்னான். பெரியதனம் உக்காந்தாரு, பாத்தாரு, "பாத்தாச்சு"ன்னு சொன்னாரு. பூசாரி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வரிசையா வந்தான், எனக்கு முந்தின ஆளு நெத்தியில வச்சான், திரும்பிப் போயிட்டான். "எங்கல போற, நான் ஒருத்தி நிக்கேன்ல?"ன்னு கேட்டேன். அவன் காதுகிட்டக் கொசு வந்த மாதிரிக் கையை வீசிட்டு நடந்தான். அந்தக் கடைசியில சித்திரவேலுவுக்கும் அதே கதிதான். அவ்வளவுதான், நாங்க இல்லை. இடி இடிக்கலை, பல்லி சொல்லலை, வேட்டுப் போடலை, சாமியாடிக்கு அருள் கூட வரலை. வீட்டுக்குப் போற வழியில எதுத்தாப்புல வந்தவ எம்மேல முட்டிட்டு, "காத்து என்னமா அடிக்கி"ன்னு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுப் போயிட்டா.

சரி, ஊரு பதறியிருக்கும்னு நினைப்பீங்க. மறுநா காலையில சனங்க அரிசியும் கோதுமையும் தூக்கிக்கிட்டு மில்லுக்கு வந்தாங்க, நான் சுவிட்சைப் போட்டேன், கொட்டுனேன், அரைச்சேன், பையில பிடிச்சு வச்சேன். "ஆளு இல்லாமத் தானா அரையுதே"ன்னா ஒருத்தி. "அப்படியா, நல்லதாப் போச்சு"ன்னா இன்னொருத்தி. ராசக்கனி எங்கேன்னு ஒரு சனம் கேக்கலை. ஆளு இல்லாத இடத்துல கூலி எதுக்குன்னு மட்டும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல தோணிச்சு பாருங்க, அந்த அறிவு எங்க இருந்துதான் வருமோ! எனக்கு ஆத்திரம் வந்து மில்லை நிறுத்தினேன். உடனே வாசல்ல தேங்கா உடைச்சு, சூடம் கொளுத்தி, மில்லைக் கும்பிட்டாங்க. கூலி கேட்டவளுக்குக் கும்பிடு. பிறகு நான் ஒவ்வொரு பையிலயும் ஒரு படியை எடுத்துக்கிட்டு அரைச்சேன், "மில்லுச்சாமி தன் பங்கை எடுத்துக்கிடுது"ன்னு அதையும் கும்பிட்டாங்க. கூறுகெட்ட சனம். சித்திரவேலு கடையில பங்க்சர் தானா ஒட்டுதுன்னு சைக்கிளைப் போட்டுட்டு டீ குடிக்கப் போனாங்க. அவன் சின்ன வயசுக்காரன், ரோசம் தாங்காம ஏங்கி ஏங்கி அழுதான். அழுற சத்தம் கேட்டு, சைக்கிள் ட்யூப்புல காத்து இறங்குதுன்னு நினைச்சுக்கிட்டாங்க.

வெளியூர்க்காரங்களுக்கு நாங்க தெரிஞ்சோம், அதையும் சொல்லிடுறேன். பெல்ட்டு விக்கிறவன், பால் வண்டிக்காரன், பஸ் கன்டக்டர், எல்லாருக்கும் நான் ராசக்கனிதான். எங்க ஊருக்காரனுக்கு மட்டும்தான் பெரியதனம் கண்ணுல படாதது எதுவும் தன் கண்ணுல படாது. ஊரை விட்டுப் போயிருக்கலாமேம்பீங்க. நான் ஏன் போகணும்? எம் மில்லு, எங்க அப்பா வச்ச மில்லு, எந்த மூதேவிக்குப் பயந்து நான் போகணும்?

ஊருக்குள்ள எங்களைப் பாத்தது ஒரே ஒருத்திதான், பெரியதனம் பொண்டாட்டி பேராச்சி மதினி. ஒருநா அரிசியோட வந்து, "ஏளா ராசக்கனி, பச்சரிசி, நைசா அரை"ன்னா.

"மதினி, உங்களுக்கு நான் தெரியுதேனா?"

"ஏன், எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

நான் அழுதுட்டேன். பிறகு யோசிச்சா அதுல அதிசயம் ஒண்ணும் இல்லை. முகம் பார்ப்பு நடக்கையில எல்லாரும் அந்தாளுக்கு முன்னால நிப்பாங்க, மதினி மட்டும் இடப்பக்கம், அவரு தோளுக்கு நேரா, சந்தனத் தட்டோட நிப்பா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ இடம் அந்த இடப்பக்கம்தான், கோயில்ல, கல்யாண வீட்டுல, தெருவுல நடக்கையில, எங்கயும். அவரு கண்ணால ஊரைப் பாக்க வேண்டிய தலையெழுத்து அவளுக்கு இல்லாததால, அவ கண்ணு அவகிட்டயே இருந்துச்சு.

மாவு அரையிற வரைக்கும் உக்காந்து மெதுவாச் சொன்னா. "அவுகளுக்கு ஓரம் தெரியலளா. இலையில இடது ஓரத்துல உப்பும் ஊறுகாயும் வச்சிருக்கேன், உப்பு எங்க, ஊறுகா எங்கன்னு ஏசுதாக. இலையைக் கொஞ்சம் நகட்டி வச்சா, இப்பத்தான் வச்சியான்னு அதுக்கும் ஏசுதாக. வாசல் நெலையில தோளு இடிக்கி. தண்ணிச் செம்பைத் தட்டி விடுதாக. கேட்டா, வைக்கிற இடத்துல வைக்கத் துப்பில்லைங்காக."

அந்தச் சமயத்துலதான் பள்ளிக்கூடத்துல வயசானவங்களுக்குக் கண்ணு பரிசோதனைன்னு முகாம் போட்டாங்க. மைக் கட்டிக் கூப்பிட்டாங்க. எங்க ஊருப் பெரிய மனுசங்க எதுத்த டீக்கடை பெஞ்சுல வரிசையா உக்காந்து வேடிக்கை பாத்தாங்களே ஒழிய, ஒருத்தன் ரோட்டைத் தாண்டலை. ஒருத்தருக்குக் கண்ணுல வெள்ளை விழுந்து கிளாஸ் எது, கை எதுன்னு தெரியலை, தொடையில டீயைக் கொட்டிக்கிட்டு, "புரை இன்னும் முத்தலைப்பா, முத்தட்டும்"ங்கிறாரு. புரை என்ன பலாக்காயா? இன்னொருத்தரு சொந்த மகனையே சத்தம் கேட்டுத்தான் அடையாளம் பாக்கிறவரு, "எனக்குத் தூரமும் கிட்டயும் சுத்தமா இருக்கு"ன்னு மின்கம்பத்தைப் பாத்துச் சொன்னாரு. நர்சு பிள்ளைங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. போனது பேராச்சி மதினி மட்டும்தான். அவளுக்குப் புரை ஆரம்பிச்சிருந்துச்சு. அதைப் பாத்த டாக்டரம்மாகிட்ட இவ புருசன் கதையைச் சொல்லியிருக்கா. அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சிடுச்சாம்.

"அது புரை இல்லம்மா, கண்ணுக்குள்ள நீர் அழுத்தம். வலிக்காது, சிவக்காது, நேரா பாக்கிறது கடைசி வரைக்கும் நல்லாத் தெரியும், அதனால இருக்கிறதே தெரியாது. ஓரத்துல இருந்துதான் போகும். போனதை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது, மருந்து விட்டா மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். அவங்க அப்பாவுக்கும் இருந்துச்சுன்னா இன்னைக்கே கூட்டிட்டு வாங்க"ன்னுச்சாம்.

மதினி நேரா டீக்கடைக்கு வந்து கூப்பிட்டா. அத்தனை பேரு முன்னால பொம்பளை கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதா, பெரியதனம்ல அவரு! "எனக்கா கண்ணு தெரியலை? ஊசியும் நூலும் கொண்டால"ன்னாரு. கொண்டு வந்தாங்க. நேரா முகத்துக்கு முன்னால பிடிச்சு, ஒரே குத்துல நூலைக் கோத்துட்டாரு. பெஞ்சே கை தட்டுச்சு. அந்த நேரம் அவரு இடது தோள்ல கிடந்த துண்டை ஒரு ஆடு வந்து தின்னுக்கிட்டு இருந்துச்சு. ஓரத்துல ஆரம்பிச்சுப் பாதித் துண்டு உள்ள போயிடுச்சு. அத்தனை பேரும் பாத்தாங்க. அவரு பாக்காததை எப்படிப் பாக்கிறதுன்னு எல்லாரும் ஊசியையே பாத்தாங்க. மதினிதான் ஆட்டை விரட்டினா. "எதுக்கு இப்ப எம் மேல கைய ஓங்குத?"ன்னு அந்தாளு அவளை ஏசினாரு.

மறு வருஷ முகம் பார்ப்புல எங்க தெரு பாதியும் போச்சு, கிழக்கேயும் பாதி போச்சு. என்னைப் பாத்து, "யக்கா, இத்தனை நாளா இங்கதான் இருக்கியா?"ன்னு கேட்டுக்கிட்டே ஒவ்வொருத்தரா வந்தாங்க. நான் பாட்டுக்குக் கல்லைக் கொத்தினேன். போன வருஷம் எங்கிட்ட ஓசியில மாவு அரைச்சவங்கதானே இவங்க. ஊரு இதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சது, ஓரத்துல நிக்கிறவங்க ஆத்தாளுக்கு என்னமோ குத்தம் பண்ணியிருக்காங்களாம். மேலத் தெருவுக்கு லைட்டுப் போட வந்த ஆளுங்களை, அங்க வெறும் பொட்டக்காடுதான் இருக்குன்னு திருப்பி அனுப்பினாங்க. பந்தியில இலை மிச்சம், சோறு மிச்சம், பொங்கல்ல ஆளுக்கு ரெண்டு அகப்பை கூட. நடுவுல இருந்தவனுக்கெல்லாம் கன்னம் உப்பிப் போச்சு. அடுத்து நாமதான் ஓரம்னு ஒருத்தன் மூளைக்கும் எட்டலை. எட்டினவன் என்ன செஞ்சான்? நடு வீட்டுக்காரன் கால்ல விழுந்து அவன் வீட்டுக்குள்ள ஒரு அறை கேட்டான். பெரியதனத்துக்குக் கண்ணு போகுதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்ல அந்த ஊருல ஒரு ஆம்பளைக்கும் நாக்கு எழும்பலை.

சொன்னது மதினிதான். சோறு போடும்போது சொன்னா. நான் அன்னைக்கி மாவு கொடுக்கப் போயி அடுப்படியில நின்னேன், அதனால முழுசாக் கேட்டேன்.

"ஏங்க, நீங்க பாக்காதவங்கள்லாம் இல்லாமப் போறாக. இது வரைக்கும் உங்க தோளோரம் நிக்கிற என் நிழலாவது தட்டுப்பட்டுச்சு, இப்ப அதுவும் தெரியலை. அடுத்த பார்ப்புல நான் போயிருவேன்."

"நீ எங்க போவ? எங்கயும் போக மாட்ட. ரசத்தை ஊத்து."

"ஒரு தடவை டாக்டரம்மாகிட்ட வாங்க. இல்லைன்னா பார்ப்பு அன்னைக்கித் தலையையாவது திருப்பிப் பாருங்க. கொஞ்சமாத் திருப்பினாப் போதும்."

"எங்க அப்பா திருப்பினாரா? அவுக அப்பா திருப்பினாரா? பொண்டாட்டி சொன்னான்னு நான் தலையத் திருப்பினா ஊரு சிரிக்காதா?"

"ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகட்டும். நான் வேணுமா, வேண்டாமா?"

அதுக்கு அந்தாளு என்ன சொன்னாருன்னு நினைக்கிறீங்க? "உப்பு எங்க?"ன்னு கேட்டாரு.

மூணாவது வருஷ முகம் பார்ப்பு. ஓரமே வேண்டாம்னு ஊரு அரைவட்டத்தை விட்டுட்டு அவருக்கு நேர் எதுத்தாப்புல ஒருத்தன் முதுகுக்குப் பின்னால ஒருத்தனா, ரேஷன் கடை வரிசையா நின்னுச்சு. தாத்தன் கொடுத்த இடமெல்லாம் எங்க போச்சோ. பின்னால நிக்கிறவன் முன்னால நிக்கிறவன் தோளுக்கு மேல எம்பி எம்பி மூஞ்சியைக் காட்டினான். மதினி பட்டுச்சேலை கட்டி, சந்தனத் தட்டோட அவ இடத்துல நின்னா. அவ மட்டும்தான் இடம் மாறாம நின்னா. நாங்க எல்லாரும் கோயில் செவர் ஓரமா நின்னு அவரு கழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். திருப்பு, ஒரு விரக்கடை திருப்பு, இவ்வளவு நாள் உனக்கு ஆக்கிப் போட்டவ நிக்கிறாய்யான்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தேன். கழுத்து ஆடலை. "பாத்தாச்சு"ன்னாரு. பூசாரி சந்தனம் எடுக்கக் கையை நீட்டினான், தட்டு அந்தரத்துல நின்னுச்சு.

"ஆத்தா! தட்டு தானா நிக்குது!"ன்னு கத்தினான். ஊரே குலவை போட்டுச்சு. பெரியதனத்துக்கு அருள் கூடிப்போச்சாம். மதினி தட்டைக் கீழ இறக்க, தட்டு தானா இறங்குறதைப் பாத்து, ஆத்தா இறங்குறான்னு இன்னும் பலமா குலவை போட்டாங்க. சவத்துப் பயபுள்ளைக.

வீட்டுல எப்பவும் போலச் சோறு வந்துச்சு, வெந்நீர் வந்துச்சு, துவைச்ச வேட்டி கொடியில இருந்து இறங்கி வந்துச்சு. பேராச்சி எங்கன்னு அந்தாளு கேக்கவே இல்லை. கேக்கிறதுக்கு ஒரு குறை வரணும்ல, அவருக்கு ஒரு குறையும் வரலையே. எனக்கு வந்த கோவத்துக்கு மதினியை இழுத்துக்கிட்டு வந்து மில்லுல உக்கார வச்சுக் கேட்டேன்.

"இன்னும் எதுக்கு மதினி அந்த வீட்டுல கெடந்து சாகுதீங்க?"

"எனக்குச் சந்தனம் வேண்டாம், தட்டு வேண்டாம்ளா. ஒரே ஒரு தடவை இடப்பக்கம் திரும்பி, ஏ பேராச்சின்னு பாத்தாகன்னா போதும். எம் இடம் எப்பவும் அதுதான, எனக்குப் பார்ப்பு நாளெல்லாம் வேண்டியதில்லை. என்னைக்கித் திரும்பினாலும் நான் இருப்பேன்."

அவ மனசு அப்படி.

திரும்பாத மனுசன் ஒருநா காலையில இடப்பக்கம் இருந்த சாக்கடையில விழுந்தாரு. எலும்பு முறியலை, நெத்தி கிழிஞ்சிடுச்சு. பெஞ்சுக்காரங்க அத்தனை பேரும் ஷேர் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுக் கோவில்பட்டிக்குப் போனாங்க, மதினியும் ஒரு ஓரமா ஏறிக்கிட்டா, இடிச்சிக்கிட்டு உக்காந்தும் ஒருத்தனுக்கும் தெரியலை. நெத்தியில தையல் போட்டவங்க, கண்ணைக் காட்டிட்டுப் போங்கன்னு அனுப்ப, அங்க இருந்தது அதே டாக்டரம்மா. மிஷின்ல முகத்தை வச்சு ரொம்ப நேரம் பாத்துச்சாம்.

"போனது போனதுதான் ஐயா, திரும்பாது. நடுவுல கொஞ்சம் இருக்கு. தினமும் இந்தச் சொட்டு மருந்தை விட்டா அதுவாவது நிக்கும், ஒருநாளும் விடாம விடணும். உங்க வீட்டம்மாகிட்டக் கொடுக்கிறேன், அவங்க அப்பவே வந்து சொன்னாங்களே"ன்னு சொல்லி, அவரு இடப்பக்கத்துல நின்ன மதினி கையில பாட்டிலைக் கொடுத்துச்சு. வெளியூர்ப் பொண்ணு, அதுக்குப் பெரியதனம் கண்ணு எதுக்கு?

பெஞ்சுக்காரங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. படிச்சவங்க செவத்தோட பேசுவாங்க போலன்னு நினைச்சுக்கிட்டாங்க. "இடப்பக்கம் நிக்கிறாங்க, பாருங்க ஐயா"ன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. "நான் பாக்காததா"ன்னு சிரிச்சாரு, சிரிக்கும்போதும் நேராத்தான் சிரிச்சாரு.

"நீங்கள்லாம் இத்தனை பேரு வந்திருக்கீங்களே, எல்லாருக்கும் வயசாச்சு, ஒரு தடவை பாத்துட்டுப் போங்க, கொஞ்ச நேரம்தான்"னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. "முத்தட்டும் டாக்டரம்மா"ன்னு ஒருத்தர் நழுவினாரு, இன்னொருத்தரு கதவுன்னு நினைச்சு பீரோவைத் திறந்தாரு. எல்லாரும் பஸ் ஸ்டாண்டுல பரோட்டா தின்னுட்டு ஊருக்கு வந்துட்டாங்க.

அன்னையில இருந்து தினமும் சாயங்காலம் பெரியதனம் வாசல்ல நாற்காலி போட்டு அண்ணாந்து உக்காருவாரு, மதினி மோவாயைப் பிடிச்சு, இமையை விலக்கி, கண்ணுக்கு ஒரு சொட்டு விடுவா. ஊருக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகாசத்துல இருந்து மருந்து விழுது! பாட்டில் தானா சாயுது! பூசாரி சங்கை எடுத்துக்கிட்டு வந்துட்டான். பந்தல் போட்டாங்க. கண்ணு மங்கினவன், மங்க ஆரம்பிச்சவன், மங்கினதே தெரியாதவன், எல்லாரும் அந்தாளுக்குப் பின்னால பாய் விரிச்சு அண்ணாந்து கண்ணை முழிச்சிக்கிட்டு உக்காந்தாங்க, மேற்கு வெயில் நேரா கண்ணுல குத்துனாலும் சிமிட்டக்கூடாதாம், சிமிட்டினா அருள் விலகிடுமாம். ஆஸ்பத்திரி பஸ் வாசல் வழியாத்தான் தினமும் போகுது. ஒருத்தன் ஏறலை. எல்லார் கண்ணுலயும் தண்ணி ஊத்துச்சு, அதைத்தான் மருந்துன்னு தொடைச்சு நெத்தியில பூசிக்கிட்டாங்க. வெளங்குமா இந்த ஊரு?

மதினி அதையும் பொறுத்துக்கிட்டா. மனுசன் கண்ணு நிக்கணுமேன்னு விட்டுக்கிட்டே இருந்தா. ஒருநா பூசாரி எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கேட்டான், "பெரியதனம், இந்த மருந்தை விடுறது யாருன்னு உங்களுக்குத் தோணுது?"

மதினி கை அப்ப அவரு மோவாயிலதான் இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னேன். மதினி அவரு வாயையே பாத்தா.

"யாரும் விடலை. தானா விழுது. எனக்குச் சின்ன வயசுல இருந்தே எல்லாம் தானா நடக்கும்"னாரு.

குலவை. சங்கு. மதினி கையை எடுத்துட்டா.

மறுநா சாயங்காலம் அவரு இடப்பக்கம், கை நீட்டினா எட்டுற தூரத்துல, ஒரு ஸ்டூலைப் போட்டு அதுமேல மருந்துப் பாட்டிலை வச்சா, மூடியையும் திறந்து வச்சா. பக்கத்துல தானும் உக்காந்தா. "ஏங்க, மருந்து இங்கன இருக்கு. நானும் இங்கனதான் இருக்கேன். திரும்பி எடுத்துக்கோங்க"ன்னா. அந்தாளு காதுகிட்டக் கொசு விரட்டினாரு. அண்ணாந்தபடியே இருந்தாரு. ஊரும் அண்ணாந்தபடியே இருந்துச்சு. வெயில் இறங்குச்சு. அத்தனை வாயும் திறந்து கிடந்துச்சு, அத்தனை கண்ணும் திறந்து கிடந்துச்சு, ஒரு கழுத்து கூட அசையலை. "இன்னைக்கி ஆத்தா தாமதம் பண்ணுதா"ன்னு பூசாரி சொன்னான்.

மதினி நல்லா இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தா. பிறகு எந்திரிச்சு, சேலையைத் தட்டிவிட்டு, பாட்டிலை அங்கனயே வச்சிட்டு மில்லுக்கு வந்தா. அழுவான்னு நினைச்சேன். அழலை.

"எம் புரையை எடுக்கணும்னு அந்தப் பிள்ளை அன்னைக்கே சொல்லுச்சு. நாளைக்கிப் போறேன், கூட வாரியாளா?"ன்னு கேட்டா.

"வாரேன் மதினி."

மறுநா மில்லைச் சாத்திட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். "எங்கம்மா போகணும், ரெண்டு பேருமா?"ன்னு கன்டக்டர் எங்களைப் பாத்துக் கேட்டு டிக்கெட்டைக் கிழிச்சாரு. மதினியை ஜன்னலோரம் உக்கார வச்சேன். பஸ் கோயிலைத் தாண்டி, அவ வீட்டுப் பக்கம் வந்துச்சு. இடப்பக்கம் பந்தல் தெரிஞ்சது, விடிஞ்சும் எந்திரிக்காம ஊரே அண்ணாந்து கிடந்துச்சு, முன்னால நாற்காலியில அந்தாளு வாயைத் திறந்துக்கிட்டு இருந்தாரு, ஸ்டூலும் பாட்டிலும் வச்ச இடத்துல வச்ச மாதிரியே இருந்துச்சு.

"மதினி, வீடு வருது"ன்னேன்.

மதினி நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. தலையைத் திருப்பவே இல்லை.